மதுரைல சொந்தமா ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போடப் போறீங்களா? ஆரம்பத்துல இருந்து ஒவ்வொண்ணா பார்ப்போம்

பி.ஆர்க் முடிச்சிட்டு, கொஞ்ச வருஷம் யாராவது சீனியர்கிட்ட வேலை பார்த்துட்டு, இப்ப மதுரைலயோ மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமோ சொந்தமா தொழில் ஆரம்பிக்கலாம்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். காலேஜ்ல டிசைன் சொல்லித் தர்றாங்க, ஆபீஸ் நடத்துறது பத்தி ரொம்பக் கொஞ்சம்தான் சொல்றாங்க, அதனால டிசைன்ங்கிறது ஒரு பக்கம், ஃபீஸ், அக்ரிமென்ட், கிளையன்ட் பேச்சு, கணக்கு வழக்கெல்லாம் இன்னொரு பக்கம்னு பல பேர் மனசுல பதிஞ்சு போயிருது. எனக்கு அது ரெண்டும் ஒண்ணுதான். நல்ல டிசைன் வரணும்னா யோசிக்க நேரம் வேணும், அந்த நேரத்துக்கு ஃபீஸ் வரணும், ஃபீஸ் ஒழுங்கா வரணும்னா மொதல்லயே பேச்சு தெளிவா இருக்கணும். இதுல எங்க ஓட்டை விழுந்தாலும் அடி வாங்குறது உங்க டிசைன்தான். இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கறதப் படிங்க.

மொத வேலை: ரிஜிஸ்ட்ரேஷன்

கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணாம ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்டக்கூடாது, 1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அதைத் தெளிவா சொல்லுது. பதிவைப் புதுப்பிக்கிற தேதிய மறக்காம குறிச்சு வச்சுக்கங்க. பிளான் அப்ரூவல் இப்ப ஆன்லைன்ல ஒற்றைச் சாளர முறைல போறதால அங்கயும் உங்க பேர்ல பதிவு பண்ணிக்கணும். பான் கார்டு, தொழிலுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட், இதெல்லாம் ஒரு வாரத்துல முடிச்சிரலாம்.

ஒரு விஷயம் மட்டும் புரிஞ்சுக்கங்க. 2020-ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, அந்தச் சட்டம் காப்பாத்துறது ஆர்க்கிடெக்ட்ங்கிற பட்டத்தைத்தான், டிசைன் பண்ற வேலைய மத்தவங்க செய்யறத அது தடுக்கலன்னு சொல்லிருச்சு. அதனால நம்ம ஊர்ல என்ஜினியரும் வரைவாரு, டிராஃப்ட்ஸ்மேனும் வரைவாரு, அனுபவப்பட்ட மேஸ்திரி தரையில சுண்ணாம்புக் கோடு போட்டே வீட்டை முடிச்சுக் கொடுத்துருவாரு. அவங்க மேல கோபப்படாதீங்க, பல வீடுகளை அவங்க நல்லாவே கட்டிருக்காங்க. நீங்க கூடுதலா என்ன தர்றீங்கன்னு கிளையன்டுக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியணும், அது உங்க வேலையில கண்ணுக்குத் தெரியவும் செய்யணும், அவ்வளவுதான்.

மனையைப் பாருங்க, நிதானமா

டேப்பை எடுத்து நாலு பக்கம் அளந்துட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா பாதி டிசைன் போச்சு. காலைல ஒரு தடவை, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவை, முடிஞ்சா மழை பெஞ்சு முடிஞ்ச அன்னிக்கு ஒரு தடவைன்னு போங்க. பக்கத்து வீட்டு வாசல்ல உக்காந்திருக்கற பெரியவங்ககிட்ட "மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் நிக்கும்"னு கேளுங்க, அவங்க கையால காட்டுற உயரம்தான் உங்க பேஸ்மென்ட் மட்டத்துக்கு முதல் ஆதாரம். மதுரையைச் சுத்திப் பாதி பிளாட்டு ஒரு காலத்துல ஏதோ ஒரு கண்மாய்க்குப் பாசன வயலா இருந்ததுதான், 2024 அக்டோபர் கடைசில பெஞ்ச பேய் மழைக்கு செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ளயே தண்ணி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரோடு வேற ஒவ்வொரு தடவை போடும்போதும் உசந்துக்கிட்டே போகும், அதையும் கணக்குல சேருங்க.

அடுத்து மண்ணு. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் போனா கரிசல், கோடைல கைவிரல் நுழையற அளவுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும், அதுல சாதாரண கடக்கால் போட்டா சில வருஷத்துல சன்னல் மூலைல இருந்து சாய்வா விரிசல் கிளம்பும். மேலூர், அழகர்கோயில் பக்கம் செம்மண்ணு, கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். பழைய செங்கல் சூளைக் குழியை மூடி பிளாட் போட்டுருந்தா அது வேற கதை. மண் பரிசோதனைக்கு ஆகுற செலவை கிளையன்ட் தயங்காம கொடுக்கற மாதிரி எடுத்துச் சொல்லுங்க, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரை ஆரம்பத்துலயே கூட வச்சுக்கங்க.

வெயில் விஷயத்துல புத்தகத்துல படிச்சதை அப்படியே கொண்டு வராதீங்க. வடக்குப் பக்கம் எப்பவுமே குளுமைன்னு பொதுவா சொல்லுவாங்க, நம்ம ஊரு கிட்டத்தட்ட 9.9 டிகிரி வட அட்சத்துல இருக்கு, ஏப்ரல் நடுவுல சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்து, அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வடக்கால சாஞ்சே போகுது. அதாவது மே, ஜூன் மாசம் மத்தியானம் வடக்குச் சுவத்துலதான் வெயில் விழும், தெக்குச் சுவரு நிழல்ல இருக்கும். வடக்கு சன்னலுக்கும் ஒழுங்கான சன்ஷேட் வேணும்னு இதனாலதான் சொல்றேன். மேக்குப் பக்கம் பத்தி சொல்லவே வேணாம், மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூமைக் கொண்டு போய் அங்க அடுக்குங்க, படுக்கற ரூமை வைக்காதீங்க, ராத்திரி பதினோரு மணிக்கும் அந்தச் சுவரு சூடு விட்டுக்கிட்டே இருக்கும். ஆனி ஆடில காத்து மேக்க இருந்து தூசியோட அடிக்கும், அதுக்கு ஜாலியோ (ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டுற தடுப்பு) மரமோ நடுவுல ஒண்ணு இருந்தாத்தான் சன்னலைத் திறக்க முடியும்.

வீட்டுக்காரங்களைக் கேளுங்க

முதல் மீட்டிங்ல வரைஞ்சு காட்டாதீங்க, கேளுங்க. காலைல யாரு மொதல்ல எந்திரிக்கிறாங்க, சமையல் யாரு, எத்தனை பேருக்கு, கிரைண்டர் எங்க, துணி எங்க காயும், பொங்கலுக்கு எங்க பொங்குவீங்க, சொந்தக்காரங்க வந்தா எங்க படுப்பாங்க, வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போக எத்தனை அடி நடக்கணும். இதெல்லாம் வீட்டுல இருக்கற பொம்பளைங்களைக் கேட்டாத்தான் தெரியும், பணம் போடுற அண்ணன் மட்டும் வந்து பேசுனா "அக்காவையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்கண்ணே"ன்னு சொல்லிருங்க.

கேள்வி சரியா இருந்தா டிசைன் சண்டையே வராது. மேக்குப் பார்த்த மனைக்கு ஒருத்தர் வந்தாரு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்டாரு.

"தம்பி, முன்னாடி மேல இருந்து கீழ வரைக்கும் கண்ணாடி வச்சிருவோம், எலிவேஷன் எடுப்பா இருக்கும்ல?"

"வைக்கலாம்ண்ணே. சாயங்காலம் நாலு மணிக்கு ஹால்ல யாரு உக்காந்திருப்பா?"

"எங்கம்மாதான், டிவி பாக்கும்."

"அப்ப வெயில் அம்மா மூஞ்சிலதாண்ணே அடிக்கும். டிவிலயும் ஒண்ணும் தெரியாது."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப அந்த ஹால உள்ள தள்ளி, முன்னாடி ஒரு திண்ணை மாதிரி விட்டுருங்க தம்பி"ன்னு அவரே சொன்னாரு. வெயில் கோணம், வெப்பக் கடத்தல்னு நான் விளக்கம் கொடுத்திருந்தா அந்தத் திண்ணை வந்திருக்காது. ஆளைச் சொல்லிப் பேசுங்க, அவங்க வீடு அவங்களுக்கே புரிய ஆரம்பிக்கும்.

போன்ல படம் படமா அனுப்புவாங்க, கேரளா வீடு, துபாய் வீடுன்னு. எதையும் மட்டம் தட்டாதீங்க. ஒவ்வொரு படத்துலயும் எது புடிச்சிருக்குன்னு மட்டும் கேளுங்க, பாதி நேரம் அவங்களுக்குப் புடிச்சது அந்தப் படத்துல இருக்கற மரமாவோ வாசல்ல விழற நிழலாவோ இருக்கும், அதைத் தர்றது நம்ம கைல இருக்கு.

வாஸ்து. இதைக் கடைசில வந்து மோதவிடக் கூடாது. மொத நாளே "உங்களுக்கு வாஸ்து பாக்கறவரு யாரு, அவரு சொன்னது என்ன"ன்னு கேட்டு எழுதி வாங்கிருங்க. அக்னி மூலைல அடுப்பு, ஈசானியத்துல பாரம் வேணாம், கன்னி மூலைல பெரியவங்க பெட்ரூம், இதெல்லாம் மனையோட அளவு மாதிரி இன்னொரு கட்டுப்பாடு, இதுக்குள்ள நின்னு நல்ல வீடு பண்ண முடியும். மனையடி அளவு பாக்கறவங்க 12 அடி ரூமை வேணாம்பாங்க, 11-னோ 16-னோ கேப்பாங்க, அவங்க சொல்றது பூச்சு முடிஞ்ச உள்ளளவு, அதனால செங்கல் டு செங்கல் அளவுல பூச்சுக் கனத்தையும் கூட்டி டிராயிங்ல போடுங்க. இந்த அரை இஞ்சுக்காகக் கட்டுன சுவத்தை இடிச்ச வீடுகள் இருக்கு.

யோசனை எங்க இருந்து வரும்

படைப்புத் திறன்னு ஒண்ணு பொறக்கும்போதே வரணும்னு பயப்படாதீங்க, கண்ணு பழகணும், கை பழகணும். மதுரைல இருக்கறவங்களுக்கு இதுக்குப் பஞ்சமே இல்ல. திருமலை நாயக்கர் மகாலுக்கு டேப்போட போங்க, 1636-ல கட்டுனதுன்னு போர்டு படிச்சிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துராதீங்க, இப்ப மிஞ்சி நிக்கிறது பழைய அரண்மனைல நாலுல ஒரு பங்குதான்னு சொல்றாங்க, அந்த ஒரு பங்குலயே முற்றத்து வெயில்ல இருந்து தூண் வரிசைக்குள்ள கால் வைக்கறப்ப உடம்புக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. தூணு தூணுக்கு இடைவெளி எவ்வளவு, நிழல் எவ்வளவு ஆழத்துக்கு வருது, தரை எங்க சில்லுனு இருக்கு, நோட்டுல வரைங்க. கொச்சடை பக்கம் மேலக்கால் ரோட்டுல இருக்கற ஹெரிட்டேஜ் ஹோட்டல், 1970-கள்ல மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா கிளப்பா டிசைன் பண்ணுனது, உலகத்துல பேரு வாங்குன ஒருத்தரு நம்ம ஊரு வெயிலுக்கு என்ன பதில் சொன்னாருன்னு பாக்கணும்னா அங்க போய் ஒரு காபி குடிச்சிக்கிட்டே உக்காந்து பாருங்க, மரங்களுக்கு மேல தலை தூக்காம, கருங்கல்லையும் நிழலையும் நம்பி நிக்குது. மாசி வீதிக்குப் பின்னால இருக்கற சந்துல பழைய வரிசை வீடுகள் இன்னும் கொஞ்சம் இருக்கு, பத்துப் பன்னெண்டு அடி அகலம்தான், நடுவுல சின்ன முற்றம் ஒண்ணை வச்சே மொத்த வீட்டுக்கும் வெளிச்சம், காத்து ரெண்டையும் கொடுத்துருக்காங்க. நம்மகிட்ட இன்னிக்கு வர்ற 20 அடி அகல பிளாட்டுக்கு வழி அந்தச் சந்துல இருக்கு.

வரையறப்ப பிளானோட நிக்காதீங்க, செக்‌ஷனை அதாவது வீட்டை மேல இருந்து கீழ வெட்டி உள்ள பாக்கற மாதிரி படத்தை, முன்னாடியே போடுங்க, கையால போடுங்க. நம்ம ஊரு சூட்டுல வீடு நல்லா இருக்கா இல்லையாங்கறது பெரும்பாலும் செக்‌ஷன்லதான் முடிவாகுது. ரெண்டு ஆப்ஷனுக்கு மேல காட்டாதீங்க, அஞ்சு காட்டுனா அஞ்சுல இருந்தும் ஒவ்வொண்ணைப் பிச்சு எடுத்து ஒண்ணாச் சேர்க்கச் சொல்லுவாங்க. அட்டைல சின்னதா மாடல் செஞ்சு கையில கொடுங்க, கம்ப்யூட்டர் படத்தைவிட வயசானவங்களுக்கு அது சட்டுன்னு புரியும், கூரையைக் கழட்டி உள்ள எட்டிப் பாப்பாங்க, அப்ப வர்ற கேள்விதான் உண்மையான கேள்வி.

கைல காசு கம்மியா இருக்கற குடும்பத்துக்கு டிசைன் பண்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. ஆர்க்கிடெக்டுகளுக்குக் கொடுக்கற பெரிய உலக விருதான பிரிட்ஸ்கரை 2018-ல வாங்குன பி.வி.தோஷி, இந்தூர்ல ஆரண்யா குடியிருப்புல ஏழைக் குடும்பங்களுக்கு மனை, பேஸ்மென்ட், தண்ணி, கக்கூஸ் வசதின்னு அடிப்படையைக் கொடுத்து, மிச்சத்தை அவங்க கைல காசு வர வர கட்டிக்கற மாதிரி திட்டம் போட்டாரு. நம்ம ஊர்ல ஜனங்க இதை ஏற்கனவே செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க, இப்ப ஒரு ஹால் ஒரு ரூம், மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சதும் மேல ஒரு போர்ஷன்னு. நாம செய்ய வேண்டியது அந்த மேல் போர்ஷனை இன்னிக்கே வரைஞ்சு வைக்கிறது. மாடிப்படி எங்க, மேல பாத்ரூம் பைப் எந்தச் சுவத்துல இறங்கும், எந்தக் கான்கிரீட் தூணுக்கு (காலம்) மேல தூண் வரும், இதெல்லாம் அந்த ஒத்த மாடி வீட்டு டிராயிங்லயே இருக்கணும்.

ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளாவுல பரப்புன ரேட் ட்ராப் (எலிப்பொறி) செங்கல் கட்டு பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. செங்கலைச் செங்குத்தா நிறுத்தி நடுவுல இடைவெளி விட்டுக் கட்டுறது, ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம், சுவத்துக்குள்ள காத்து நிக்கறதால சூடும் குறையும். ஆனா செங்கல் ஒரே அளவா, மூலை உடையாம இருந்தாத்தான் அது அழகா வரும். மானாமதுரை, திருப்புவனம் பக்கத்துச் சூளைக்கு நேராப் போய் ஒரு வரிசை அடுக்கி அளந்து பாருங்க, அந்தச் செங்கல் அளவை வச்சு சுவத்தோட நீளத்தை முடிவு பண்ணுங்க. கொத்தனாரோட உக்காந்து சைட்ல மொதல்ல நாலடிக்கு ஒரு மாதிரிச் சுவரு கட்டிப் பாக்காம பெரிய சுவத்துல இறங்கவே கூடாது.

ஃபீஸ், அக்ரிமென்ட்

இங்கதான் புதுசா வர்றவங்க தடுமாறுறாங்க. "பிளான் போட சதுர அடிக்குச் சில்லறை ரூபாக்கு ஆள் இருக்கே"ன்னு கேப்பாங்க. பதட்டப்படாதீங்க. அந்தக் காசுக்கு அப்ரூவலுக்கான ஒரு ஷீட் வரும், நீங்க தரப்போற டிராயிங் செட் எத்தனை ஷீட்டு, அதுல என்னென்ன இருக்கும்னு பழைய செட் ஒண்ணை டேபிள்ல விரிச்சுக் காட்டுங்க. எலக்ட்ரிக்கல் பாயின்ட், பைப் லைன், சன்னல் விவரம், படிக்கட்டு, கிச்சன் மேடைன்னு பாத்தாலே பாதிப் பேருக்கு வித்தியாசம் புரிஞ்சிரும்.

ஒரு கணக்குக்குப் பார்ப்போம். 1,600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபான்னு வச்சா 40 லட்சம், உங்க ஃபீஸ் 5 சதவீதம்னா 2 லட்சம். இதை நான் இப்படிப் பிரிப்பேன்: வேலைய ஏத்துக்கறப்ப 20,000, கான்செப்ட் முடிவானதும் 30,000, அப்ரூவல் டிராயிங்குக்கு 30,000, வொர்க்கிங் டிராயிங்குக்கு (சைட்ல பாத்துக் கட்டுறதுக்கான விவர டிராயிங்) 60,000, சைட்டு வேலை நடக்க நடக்க 50,000, சாவி கொடுக்கறப்ப 10,000. டிராயிங் முடியற கட்டத்துக்குள்ள 1,40,000 வந்துரணும், ஏன்னா உங்க உழைப்புல பெரும்பகுதி அங்கதான் போகுது, கட்ட ஆரம்பிச்சிட்டா வீட்டுக்காரங்க கைல காசு கம்பிக்கும் சிமென்டுக்குமே பத்தாது, அப்ப போய் நின்னா அவங்களுக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம். இப்ப அந்த 2 லட்சத்தை ஒரு வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, மாசம் 16,000 சொச்சம். ஆபீஸ் வாடகை, கரண்ட், உதவிக்கு ஒரு ஆள் சம்பளம், பெட்ரோல் எல்லாத்தையும் எழுதி, ஒரே நேரத்துல எத்தனை வீடு கைல இருந்தா வண்டி ஓடும், அத்தனை வீட்டுக்கும் நிஜமா யோசிக்க நேரம் இருக்கான்னு பாருங்க. இந்தக் கணக்கைப் போடாம ஃபீஸைக் குறைச்சா, வேலை எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்கணும், அப்ப பழைய பிளானையே திருப்பிப் போட்டுக் கொடுக்கற நிலைமைதான் வரும்.

அக்ரிமென்டைத் தமிழ்ல எழுதுங்க, ரெண்டு மூணு பக்கம் போதும், அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்கறப்ப வாசிச்சுக் காட்டுங்க. நான் எத்தனை தடவை சைட்டுக்கு வருவேன், கான்செப்ட் முடிவான பிறகு மாத்தச் சொன்னா அதுக்கு என்ன, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஃபீஸ் யாரு கொடுக்கறது, அப்ரூவல் கட்டணம் யாரோடது, பாதில வேலை நின்னா அதுவரைக்கும் எவ்வளவு, டிராயிங்கை இன்னொரு வீட்டுக்குப் பயன்படுத்தலாமா, இத்தனையும் அதுல இருக்கணும். மொத கிளையன்ட் பெரும்பாலும் மாமாவாவோ சித்தப்பாவாவோதான் இருப்பாங்க. ஃபீஸைக் குறைச்சுக்கங்க, தப்பில்ல, அக்ரிமென்டை மட்டும் விட்டுறாதீங்க. சொந்தத்துல மனஸ்தாபம் வர்றது காசால இல்ல, "நீ செஞ்சு தர்றேன்னியே"ங்கற ஒரு வார்த்தையாலதான்.

சும்மா ஒரு ஸ்கெட்ச் போட்டுக் காட்டுங்க, புடிச்சா வேலை தர்றோம்னு ரெண்டு மூணு பேர்கிட்ட ஒரே நேரத்துல கேக்கறவங்க உண்டு. காசு வாங்காம இன்னொரு ஆர்க்கிடெக்டோட போட்டி போட்டு டிசைன் போட்டுக் கொடுக்கறத கவுன்சிலோட 1989-ம் வருஷத்து தொழில் நடத்தை விதிகளே கூடாதுங்குது. அதையே பதமா சொல்லிட்டு, உங்க பழைய வேலைகளைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, குடியிருக்கறவங்களோட பேசவிடுங்க. அதே மாதிரி டைல்ஸ் கடை, சானிட்டரி கடைல இருந்து கமிஷன் கவர் வரும். தொடவே தொடாதீங்க. அந்தக் காசு கடைக்காரர் பாக்கெட்ல இருந்து வர்றதில்ல, வீட்டுக்காரங்க பில்லுல ஏறுது. ஒரு தடவை வாங்கிட்டா அந்தக் கடை மட்டமான சரக்கு அனுப்புனா "திருப்பி எடு"ன்னு சொல்ற வாய் உங்களுக்கு இருக்காது.

அப்ரூவல்

2019-ம் வருஷத்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க, திருத்தம் அடிக்கடி வரும், ஒவ்வொரு புது வேலைக்கும் பாத்துக்கங்க. 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறை இருக்கு, 2,500 சதுர அடி வரைக்கும் இருக்கற மனைல 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ வீடு கட்டுனா ஆன்லைன்ல உடனே அனுமதி, இடத்தை வந்து பாக்கறதெல்லாம் கிடையாது. சுலபம்தான், ஆனா விதிப்படி இருக்குன்னு கையெழுத்துப் போடுறது வீட்டுக்காரரு, பக்கவாட்டு இடைவெளில பிசகுனா மாட்டுறதும் அவருதான், இதை எடுத்துச் சொல்றது உங்க கடமை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கு, அங்க மனை வச்சிருக்கறவங்களுக்கு மொத பேச்சுலயே சொல்லிருங்க. மழைநீர் சேகரிப்பு 2003-ல இருந்தே கட்டாயம், அதை ஏதோ ஒரு மூலைல பேருக்கு ஒரு குழியா வரையாம, மொட்டை மாடி வாட்டம் எந்தப் பக்கம், பைப் எங்க இறங்குதுன்னு டிசைனோட சேர்த்துப் பண்ணுங்க. போர் போட்டா 500, 600 அடி தாண்டியும் தண்ணி வராத ஏரியா நம்ம பக்கம் நிறைய இருக்கு.

சைட்டு

மேஸ்திரிக்கு மரியாதை கொடுங்க. மத்தவங்க முன்னாடி தப்பைச் சொல்லாதீங்க, தனியா கூப்பிட்டு "அண்ணே, இதை இப்படிப் பண்ணா என்ன"ன்னு கேளுங்க. டிராயிங்ல அளவு அடி, இஞ்சுல இருக்கட்டும், குறிப்பெல்லாம் தமிழ்ல இருக்கட்டும், ஏ3 சைஸ்ல லேமினேட் பண்ணிக் கொடுங்க, சைட்ல பெரிய ஷீட்டு ரெண்டு நாள்ல கிழிஞ்சிரும். போய்ப் பாக்கறப்ப சொல்றதை எல்லாம் கார்பன் வச்ச நோட்டுல எழுதி மேஸ்திரிகிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, ஒரு காப்பி உங்ககிட்ட. வாட்ஸ்அப்ல சொன்னது தேடுறப்ப கிடைக்காது.

சின்ன விஷயம் ஒண்ணைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா முக்கால்வாசி வீட்டுல இதை விட்டுர்றாங்க. சன்ஷேட் அடிப்பக்கம், வெளி விளிம்புல இருந்து ரெண்டு இஞ்சு உள்ள தள்ளி, அரை இஞ்சுக்கு நீளமா ஒரு பள்ளக்கோடு விடணும். மேல விழற மழைத் தண்ணி விளிம்புல இறங்கி, அடிப்பக்கமா ஒட்டிக்கிட்டே உள்ள ஓடி வரும், இந்தக் கோட்டுக்கு வந்ததும் அதைத் தாண்ட முடியாம கீழ சொட்டிரும். கோடு இல்லன்னா தண்ணி அப்படியே சுவத்துக்கு வந்து, சன்னல் சட்டத்துக்கு மேல பூஞ்சை புடிச்சு, ரெண்டு ஐப்பசிக்குள்ள பெயின்ட் உரிஞ்சிரும். பூச்சு வேலையப்ப ஒரு ரீப்பர் கட்டையோ பைப்புத் துண்டோ வச்சு இழுத்தா முடிஞ்சது, செலவுன்னு ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா டிராயிங்ல பெருசா வரைஞ்சு காட்டாட்டி யாரும் செய்ய மாட்டாங்க, மொத சன்னலுக்கு நீங்க பக்கத்துல நிக்கணும்.

கான்கிரீட் போடுற அன்னிக்கு வேற எந்த வேலையும் வச்சுக்காதீங்க. கலவை இறுகலா இருக்குன்னு ஆளுங்க தண்ணிய ஊத்துவாங்க, 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர்னு முடிவு பண்ணிட்டா அளவு வாளிய வச்சு ஊத்தச் சொல்லுங்க, ஈர மணலா இருந்தா அதையும் குறைக்கணும். கம்பிக்கு அடில கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தற சின்னக் கட்டை) இருக்கா, தூண்ல இருந்து வர்ற கம்பி சாயாம இருக்கான்னு முந்தின நாளே பாத்துருங்க. இப்ப கிடைக்கறதெல்லாம் பெரும்பாலும் கலப்பு சிமென்டு, அதுக்கு குறைஞ்சது பத்து நாளாவது தண்ணி கட்டணும், நம்ம வெயிலுக்கு அதுக்கு மேலயும் கட்டுனா நல்லதுதான்.

ஆபீஸை ஓட்டுறது

நம்ம தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கு. ஆடில யாரும் பூமி பூஜை போட மாட்டாங்க, மார்கழிலயும் போட மாட்டாங்க, சித்திரைத் திருவிழா நேரத்துல ஆள் கிடைக்காது, தை பொறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல ஓடி வருவாங்க. அதனால வரவும் ஏறி இறங்கும், மூணு மாசச் செலவுக்கான காசைத் தனியா வச்சுட்டுத்தான் மத்த செலவு பாக்கணும். ஆடி, மார்கழி மாசத்தை டிசைனுக்கும், பழைய டிராயிங்கைச் சீர் பண்றதுக்கும், ஊர் சுத்தி வீடு அளக்கறதுக்கும் ஒதுக்குங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி பதிவு வேணும், 18 சதவீதம் வரும், அதை ஃபீஸுக்கு மேல தனியா சொல்லிருங்க. கணக்குக்கு ஒரு ஆடிட்டரை மொத வருஷமே பாத்துக்கங்க.

வேலைக்கு ஆள் எடுத்தா, டிரெய்னிங் வர்ற காலேஜ் பிள்ளைங்களா இருந்தாலும் கைல ஏதாவது சம்பளம் கொடுங்க. அனுபவம் கிடைக்குதுல்லன்னு சொல்லி சும்மா வேலை வாங்கறது எனக்குச் சுத்தமா ஒப்பாத விஷயம். அவங்களை வாரத்துல ஒரு நாளாவது சைட்டுக்கு அனுப்புங்க. டிராயிங் ஃபைலுக்குத் தேதியும் திருத்த எண்ணும் போடாம வெளிய விடாதீங்க, பழைய ஷீட்டு சைட்ல கிடந்தா வாங்கிக் கிழிச்சிருங்க. காலைல ஒரு ரெண்டு மணி நேரம் போனை எடுக்காம வரையறதுக்குன்னு ஒதுக்கி வச்சு, கிளையன்ட்கிட்டயும் அதைச் சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்க வீட்டுக்குத்தான உக்காந்து யோசிக்கறீங்க.

சாவி கொடுக்கறப்ப

பால் காய்ச்சுற அன்னிக்கு பழமும் தட்டும் கொண்டு போறதோட ஒரு ஃபைலும் கொடுங்க. பூச்சு பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப் வச்சு எடுத்த போட்டோ, வயர் எங்க ஓடுது, பைப் எங்க ஓடுது, டேங்க்ல இருந்து எந்த வால்வு எதுக்கு, எந்த பெயின்ட் எந்த நம்பர், அப்ரூவல் காப்பி, எல்லாம் அதுல. அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒரு தடவை, பங்குனி சித்திரைல ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போங்க. இந்த ரெண்டு விசிட்டையும் அக்ரிமென்ட்லயே எழுதி ஃபீஸோட சேத்துருங்க. எந்த ரூம்ல ஃபேன் போட்டும் வேகுது, எந்தக் கதவு மழைக்கு உப்பி இறுகிருச்சு, எந்த சன்னலை யாருமே திறக்கறதில்லன்னு வீட்டுல இருக்கற அக்காவையே கேட்டு எழுதிட்டு வந்து, அடுத்த வேலையோட டிராயிங்ல திருத்துங்க.